டிரான்ஸ்ஃபார்மரில் தாவர எண்ணெய்: தேர்விலிருந்து பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

எச்.டி. சர்வீஸ் (உயர் அழுத்த மின் இணைப்பு) வைத்திருக்கும் மில், மருத்துவமனை, கல்லூரி என எங்கு போனாலும் வளாகத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் யார்டு இருக்கும். ஒவ்வொரு டேங்கிலும் பல நூறு லிட்டர் மினரல் ஆயில் நிற்கும். காயிலுக்கும் டேங்குக்கும் இடையே மின்சாரம் தாவாமல் தடுப்பது, உள்ளே உண்டாகும் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப் போவது என்ற இரண்டு வேலையையும் அது நூறு வருஷத்துக்கு மேலாக நன்றாகவே செய்துவருகிறது. ஆனால் அது எரியும். கசிந்தால் மண்ணில் நெடுநாள் கிடக்கும், கிணற்று நீரைக் கெடுக்கும். இந்த இரண்டு குறைகளுக்கும் மாற்றாக வந்ததுதான் தாவர எண்ணெய். தொழிலில் இதை நேச்சுரல் எஸ்டர் என்பார்கள்.

11 அல்லது 22 கே.வி.யில் சப்ளை வாங்கி 433 வோல்ட்டாக இறக்கும் விநியோக டிரான்ஸ்ஃபார்மர்களைப் பராமரிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நல்ல எண்ணெய். ஆனால் காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்த முடியாத டிரான்ஸ்ஃபார்மரில் அதை ஊற்றுவது பணத்தை வீணாக்குவது. கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

முதலில், இரண்டு எண்ணெய்க்கும் என்ன வித்தியாசம்

மினரல் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ரோகார்பன். தாவர எண்ணெய் டிரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த அமைப்பு. நல்லது கெட்டது எல்லாமே இந்த அமைப்பிலிருந்துதான் வருகின்றன.

தீயை எடுத்துக்கொள்வோம். மினரல் ஆயில் 160–170 டிகிரி செல்சியஸ் அளவில் பற்றித் தொடர்ந்து எரிய ஆரம்பிக்கும். நேச்சுரல் எஸ்டருக்கு அந்தப் புள்ளி 350 டிகிரிக்கு மேல். 300 டிகிரிக்கு மேல் எரிநிலை உள்ள திரவங்களை ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகைப்பாட்டில் ‘கே’ வகை என்பார்கள். மினரல் ஆயில் ‘ஓ’ வகை. டெண்டரிலும் காப்பீட்டுப் படிவத்திலும் இந்த ‘கே’ என்ற எழுத்துதான் பேசும்.

அடுத்தது ஈரம். அறை வெப்பத்தில் மினரல் ஆயில் கரைத்து வைத்துக்கொள்ளும் நீர் 55–60 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தான். அதற்கு மேல் வந்தால் நீர் தனியாகப் பிரிந்துவிடும். நேச்சுரல் எஸ்டர் 1,000 பி.பி.எம்.முக்கு மேல் கரைத்துக்கொள்ளும். இதனால் காயிலைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் உள்ள ஈரம் எண்ணெய்க்கு வந்துவிடுகிறது. அங்கே வந்த நீரில் ஒரு பகுதியை எண்ணெய் தன்னோடு வேதிவினை செய்து தீர்த்தும் விடுகிறது. எண்ணெயை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காகிதத்தை மாற்ற முடியாது. காகிதம் நொறுங்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் முடிந்தது. அதனால் என் பார்வையில் இந்த எண்ணெயின் மிகப் பெரிய லாபம் தீயும் இல்லை, சுற்றுச்சூழலும் இல்லை, காகிதத்தின் ஆயுள்தான். ஐ.இ.சி. 60076-14 தரநிலையே இதை ஏற்றுக்கொண்டு, சாதாரண கிராஃப்ட் காகிதத்தின் வெப்ப வகுப்பை மினரல் ஆயிலில் 105 என்றும் எஸ்டரில் 120 என்றும் எடுத்துக்கொள்கிறது. வெப்பத் தாங்குதிறன் கூட்டிய காகிதத்துக்கு அது 120லிருந்து 140 ஆகிறது.

குறைகளும் உண்டு. 40 டிகிரியில் மினரல் ஆயிலின் பாகுத்தன்மை 10 சென்டிஸ்டோக்ஸ் அளவு, எஸ்டருக்கு 33–36. கெட்டியான எண்ணெய் ரேடியேட்டருக்குள் மெதுவாகத்தான் சுற்றும், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். காகிதம் கூடுதல் சூட்டைத் தாங்குவதால் பெரும்பாலும் அது ஈடாகிவிடுகிறது. உறையும் புள்ளி மைனஸ் 18–21 டிகிரி அளவில் இருக்கும். மினரல் ஆயிலோடு ஒப்பிட்டால் மோசம், ஆனால் ஊட்டியில் உறைபனி விழும் இரவுக்கும் இது போதும்.

உண்மையான எதிரி ஆக்சிஜன். கொழுப்பு அமிலங்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை அது தாக்கும். எண்ணெய் முதலில் கெட்டிப்படும், மெல்லிய படலமாக இருந்தால் பிசினாகவே மாறும். வடைச்சட்டியின் விளிம்பில் நாள்பட ஒட்டியிருக்கும் பிசுக்கும் இதே வினையால் வருவதுதான்.

எந்த விதை, ஏன் சமையல் எண்ணெய் ஆகாது

1890களில் டிரான்ஸ்ஃபார்மர் தொழில் தொடங்கிய காலத்திலேயே விதை எண்ணெய்களைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அன்றைய டேங்குகள் காற்றுக்குத் திறந்தவை, எண்ணெய் கெட்டுப்போனது, மினரல் ஆயில் இடத்தைப் பிடித்தது. அப்புறம் தீ பயத்தால் பி.சி.பி. என்ற செயற்கைத் திரவம் வந்தது. அது எரியாது, ஆனால் மக்கவும் மக்காது, உடலில் சேர்ந்து நஞ்சாகும். 1968இல் ஜப்பானின் கியூஷு பகுதியில், எண்ணெய் ஆலையில் சூடேற்றும் திரவமாகச் சுற்றிக்கொண்டிருந்த பி.சி.பி. தவிட்டு எண்ணெயில் கசிந்து, அதைச் சாப்பிட்ட ஏராளமானோர் நோயாளி ஆனார்கள். 1979இல் அமெரிக்கா பி.சி.பி. உற்பத்தியைத் தடை செய்தது. தீப்பிடிக்காததும் வேண்டும், மக்குவதும் வேண்டும் என்ற தேடல் 1990களில் தாவர எண்ணெய்க்குத் திரும்பிக் கொண்டுவந்தது. ஏ.பி.பி. நிறுவனம் ஒலீக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் பயோடெம்ப்பை உருவாக்கியது. கூப்பர் நிறுவனம் சோயாவில் எஃப்.ஆர்.3 எண்ணெயைக் கொண்டுவந்தது. இப்போது அது கார்கில் கையில் இருக்கிறது. இங்கிலாந்தின் மிடெல் வரிசையில் சோயாவும் உண்டு, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீடும் உண்டு.

தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையில் மொரட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் ஆக்சிஜனை நன்றாகத் தாங்கும். சிக்கல், அது 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் நடப்பது டேங்கிலும் நடந்தால் சூடு எங்கும் நகராது. சோயாவும் சூரியகாந்தியும் உறைவதில்லை, ஆனால் ஆக்சிஜனுக்குப் பயப்படும். உறையாமலும் இருக்க வேண்டும், ஆக்சிஜனையும் தாங்க வேண்டும் என்ற இழுபறியில் ஒலீக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய்கள் நடுவில் நிற்கின்றன.

கடையில் வாங்கும் ரீஃபைண்டு எண்ணெயை ஊற்றலாமா? கூடாது. உணவுக்குப் போதுமான சுத்தம் மின்காப்புக்குப் போதாது. அதில் மிஞ்சியிருக்கும் நீர், தனி கொழுப்பு அமிலம், நுண்துகள், முனைவுள்ள சேர்மங்கள் எல்லாவற்றையும் மேலும் நீக்க வேண்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருட்களையும் உறையும் புள்ளியைக் குறைக்கும் பொருட்களையும் அளந்து சேர்க்க வேண்டும். வாங்கும்போது ஐ.இ.சி. 62770 அல்லது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16659 படி சோதித்த சான்றிதழ் அந்த பேட்ச் எண்ணோடு வர வேண்டும். அது வராத டிரம்மைத் திறக்காதீர்கள்.

படி 1: உங்களுக்கு இது வேண்டுமா

எல்லோருக்கும் வேண்டாம். விலை மினரல் ஆயிலைவிடக் கணிசமாகக் கூடுதல். ஊருக்கு வெளியே திறந்த யார்டில், பக்கத்தில் கட்டிடமோ நீர்நிலையோ இல்லாமல், பாதி லோடில் ஓடும் நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணெய் மாற்ற நான் சொல்ல மாட்டேன்.

மருத்துவமனை, பள்ளி, சந்தை போன்ற ஆள் கூடும் இடத்தை ஒட்டி நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் முதலில் யோசிக்க வேண்டியது. அடுத்தது கிணறு, ஏரி, வாய்க்கால், ஆறு பக்கத்தில் இருப்பது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவுக்கு அருகே புரூக்சால் துணைமின் நிலையத்தில் 420 கே.வி. அளவுக்கே தாவர எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரை 2014இல் சீமென்ஸ் தயாரித்துக் கொடுத்ததற்கும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். மூன்றாவது, லோடு கூடிக்கொண்டே போய், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடமோ பணமோ இல்லாத இடம்.

படி 2: புதிதா, பழையதில் மாற்றா

புதிதாக வாங்குவதாக இருந்தால் வேலை எளிது, அதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆர்டரிலேயே நேச்சுரல் எஸ்டருக்காக வடிவமைத்தது, காற்று புகாமல் மூடிய டேங்க், வெப்பச் சோதனை அதே எண்ணெயில் செய்தது என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். மினரல் ஆயிலில் டெஸ்ட் செய்துவிட்டு எஸ்டரை ஊற்றி அனுப்பினால் அந்த வெப்ப ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் இல்லை.

பழையதில் எண்ணெயை மட்டும் மாற்றுவதை ரெட்ரோஃபில் என்பார்கள். இதற்கு எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் தகுதியில்லை. கன்சர்வேட்டரும் (டேங்குக்கு மேலே உள்ள சிறு எண்ணெய்த் தொட்டி) சிலிக்கா ஜெல் பிரீதரும் (காற்று போய்வரும் வழி) வைத்து மூச்சு விடும் வகை என்றால், கன்சர்வேட்டருக்குள் ரப்பர் பை பொருத்த முடியுமா அல்லது மேலே நைட்ரஜன் நிரப்பி மூட முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இரண்டும் முடியாது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் பிடிக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது.

ஓடும்போதே டேப் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றும் ஓ.எல்.டி.சி. இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கெட்டியான எண்ணெயில் அதன் காண்டாக்டுகள் நகரும் வேகம் மாறும். அதன் அறையில் மட்டும் மினரல் ஆயிலையே விட்டுவைப்பதும் உண்டு. அப்போது இரண்டு அறைக்கும் நடுவே கசிவே இருக்கக் கூடாது. சப்ளையை நிறுத்திவிட்டுக் கையால் டேப் மாற்றும் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

காகிதம் ஏற்கெனவே கெட்டுப்போன டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெயை மாற்றி உயிர் கொடுக்க முடியாது. புதிய காகிதத்தில் செல்லுலோஸ் சங்கிலியின் நீளம் சுமார் 1,000 அலகு. 200க்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. எண்ணெயில் ஃபியூரான் (காகிதம் சிதையும்போது வரும் சேர்மங்கள்) சோதனை செய்தால் இதை ஓரளவு மதிப்பிடலாம்.

படி 3: கையை வைப்பதற்கு முன்

பழைய எண்ணெயை முழுதாகச் சோதியுங்கள்: பி.டி.வி. (எண்ணெயின் காப்பு உடைந்து மின்சாரம் தாவும் வோல்ட்டேஜ்), நீர், அமிலம், கரைந்த வாயு, பி.சி.பி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 2016இல் வந்த ஆணைப்படி பி.சி.பி. பயன்பாட்டுக்கான கெடு 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. பழைய டிரான்ஸ்ஃபார்மரில், பல கைகள் மாறிய ஃபில்டர் மெஷினால் கலந்திருக்கலாம். 50 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேறு வேலை, வேறு ஆட்கள். நீங்கள் வடிக்கக் கூடாது.

தயாரிப்பாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மின் ஆய்வாளர் அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். ‘கே’ வகை எண்ணெய் என்பதால் தீத்தடுப்புச் சுவர், இடைவெளி ஆகியவற்றில் தளர்வு உண்டா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி எதையும் இடிக்காதீர்கள்.

காஸ்கெட்டுகளைப் பட்டியல் போடுங்கள். பல வருஷம் மினரல் ஆயிலில் ஊறி அழுந்திய கார்க் காஸ்கெட் புது எண்ணெயில் கசிய ஆரம்பிக்கும். நைட்ரைல் அளவு அதிகமுள்ள நைட்ரைல் ரப்பர் அல்லது விட்டான் நல்லது. இயற்கை ரப்பர் வேண்டாம்.

ஃபில்டர் மெஷின், ஹோஸ், டேங்கர் எல்லாம் இந்த எண்ணெய்க்கென்றே ஒதுக்கியதாக இருக்க வேண்டும், அல்லது இதே எண்ணெயால் கழுவியிருக்க வேண்டும். சிலிகோன் ஆயில் ஓடிய மெஷினை யார்டுக்குள்ளேயே விடாதீர்கள்; அது துளி கலந்தாலும் எஸ்டர் நுரைக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கைத் திறக்காதீர்கள். காய்ந்த நாட்கள் தொடர்ந்து கிடைக்கும் மாசி, பங்குனி நல்ல காலம்.

படி 4: மாற்றும் நாள்

எல்.சி. (லைன் கிளியர், லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் ஐசோலேட் செய்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். எல்.டி. (433 வோல்ட்) பக்கம் ஜெனரேட்டரோ சோலாரோ இருந்தால் அங்கிருந்தும் மின்சாரம் திரும்பி வரலாம். அதையும் பிரித்துப் பூட்டுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே வடித்தால் பழைய எண்ணெய் நன்றாக இறங்கும். அடிவால்வில் வடிக்கும்போது மேலே காலியாகும் இடத்துக்கு யார்டுக் காற்றை விடாமல் உலர்ந்த நைட்ரஜனைக் கொடுங்கள். வால்வில் எண்ணெய் நின்றுவிட்டது என்று அவசரப்படாதீர்கள். காயிலிலும் பிரஸ்போர்டிலும் ஊறியிருப்பது சொட்டிச் சொட்டி இறங்கப் பல மணி நேரம் ஆகும். ரேடியேட்டர் அடிப்பகுதியிலும் டேங்கின் அடியிலும் தேங்கியதைத் தனியாக உறிஞ்சி எடுங்கள்.

இந்தப் பொறுமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. புது எண்ணெயில் பழையது ஏறத்தாழ 7 சதவீதம் வரை கலந்திருந்தாலும் எரிநிலை 300 டிகிரிக்கு மேல் நிற்கும். அதைத் தாண்டினால் ‘கே’ வகை என்ற தகுதி போய்விடும், செலவழித்த பணத்தில் பாதிக் காரணமும் போய்விடும். காகிதத்தில் ஊறிய மினரல் ஆயில் பின்னாலும் வாரக்கணக்கில் வெளியே வந்து கலக்கும். அதனால் முதல் நாளில் முடிந்த அளவு குறைவாக விடுவதே புத்திசாலித்தனம்.

வடிந்ததும், சூடாக்கிய புது எண்ணெய் கொஞ்சத்தை மேலிருந்து காயில் மேலேயும் டேங்க் சுவரிலும் ஓடவிட்டுக் கழுவி, அதையும் வடித்துவிடுங்கள். அந்தக் கழுவிய எண்ணெய் பழைய எண்ணெயோடுதான் போக வேண்டும். காஸ்கெட்டுகளை இந்த நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். எஸ்டர் பட்ட காயிலைத் திறந்த காற்றில் நெடுநேரம் விடக் கூடாது, சூடான காற்றடித்து உலர்த்தவே கூடாது. மினரல் ஆயில் பழக்கத்தில் ஹீட்டர் போட்டு ஊதினால், படலமாக ஒட்டியிருக்கும் எண்ணெய் காயில் இடுக்கிலேயே பிசினாகிவிடும். உலர்த்த வேண்டியிருந்தால் எஸ்டர் படும் முன்பே முடியுங்கள். பிறகு என்றால் வாக்யூம் அல்லது சூடான எண்ணெய்ச் சுற்று மட்டும்தான்.

நிரப்பும் எண்ணெயை முதலில் வாக்யூம் ஃபில்டர் மெஷினில் சுற்றி நீரையும் கரைந்த காற்றையும் எடுத்துவிடுங்கள். தரநிலைப்படி டிரம்மில் வரும்போது நீர் 200 பி.பி.எம். வரை இருக்கலாம், பி.டி.வி. 2.5 மி.மீ. இடைவெளியில் குறைந்தது 35 கே.வி. சுத்தப்படுத்திய பிறகு பி.டி.வி. 70 கே.வி.யைத் தாண்டுவது வழக்கம். சூட்டையும் வாக்யூமையும் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் வையுங்கள். மிஞ்சினால் சேர்த்திருக்கும் தடுப்புப் பொருட்களும் எண்ணெயிலிருந்து போய்விடும்.

டேங்க் வாக்யூம் தாங்குமா என்று டிராயிங்கில் பாருங்கள். சிறிய விநியோக டிரான்ஸ்ஃபார்மர் டேங்குகளில் முழு வாக்யூம் இழுத்தால் தகடு உள்ளே மடங்கும். தாங்கும் என்றால் வாக்யூமில் நிரப்புங்கள். தாங்காது என்றால், காற்று நீக்கிய இளஞ்சூடான எண்ணெயை அடிவால்வு வழியாக மெதுவாக ஏற்றி, புஷிங் (கம்பி டேங்குக்குள் நுழையும் இடத்துக் காப்பு), ரேடியேட்டர் மேல்முனை என ஒவ்வொரு இடத்திலும் காற்றை வெளியேற்றுங்கள்.

நிரப்பியதும் உடனே சார்ஜ் செய்யாதீர்கள், அதாவது மின்சாரம் கொடுக்காதீர்கள். எண்ணெய் கெட்டியானது, காகிதத்துக்குள் மெதுவாகத்தான் ஊறும். குறைந்தது 24 மணி நேரம், பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அதற்கு மேலும் தயாரிப்பாளர் சொல்லும் நேரம் விடுங்கள். நிர்வாகம் அவசரப்படுத்தும். அந்த ஒரு நாளை முன்பே ஷட்டவுன் கணக்கில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

படி 5: சார்ஜ் செய்வதும் முதல் மாதங்களும்

மெக்கரில் மின்காப்பு எதிர்ப்பை அளந்தால் முன்பைவிடக் குறைவான அளவு வரும். பயப்பட வேண்டாம், எஸ்டரின் கடத்துதிறன் இயல்பிலேயே கொஞ்சம் கூடுதல். பழைய ரீடிங்கோடு ஒப்பிடாமல், இன்றைய ரீடிங்கை எண்ணெய் வெப்பத்தோடு சேர்த்துப் புதிய அடிப்படையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

லோடு இல்லாமல் சில மணி நேரம் ஓடட்டும். சத்தம், கசிவு, எண்ணெய் மட்டம் பார்த்துவிட்டு லோடைப் படிப்படியாக ஏற்றுங்கள். காஸ்கெட்டுகளைச் சூடேறிய பிறகு ஒருமுறை இறுக்குங்கள்.

டேங்கில் தெளிவான பலகை ஒன்று ஒட்டுங்கள்: எண்ணெயின் வகை, பெயர், மாற்றிய தேதி, ‘மினரல் ஆயில் ஊற்றக் கூடாது’. ஐந்து வருஷம் கழித்து டாப்-அப் செய்ய வருபவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். எஃப்.ஆர்.3 போல இளம்பச்சை நிறம் கொடுத்த எண்ணெய் கண்ணுக்கே தெரியும், ஆனால் எல்லா பிராண்டும் அப்படி இல்லை. இரண்டு எண்ணெயும் எந்த அளவிலும் கலக்கும் என்பதால் தவறாக ஊற்றினாலும் டிரான்ஸ்ஃபார்மர் ஓடும். எரிநிலை மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து மாதிரி எடுத்து எரிநிலையைச் சோதியுங்கள். கரைந்த வாயுவின் முதல் அளவையும் அப்போதே எடுத்துவையுங்கள்.

படி 6: டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிப்பது

பழைய பழக்கம் அதிகம் இடறும் இடம் இது. லேப் மினரல் ஆயில் வரம்புகளை வைத்து ‘மோசம்’ என்று சிவப்பில் எழுதிக் கொடுக்கும், நல்ல எண்ணெய் வீணாக வெளியே போகும். எஸ்டர் பராமரிப்புக்கென்றே ஐ.இ.சி. 62975, ஐ.இ.இ.இ. சி57.147 ஆகிய வழிகாட்டிகள் இருக்கின்றன. மாதிரியோடு அனுப்பும் படிவத்தில் ‘நேச்சுரல் எஸ்டர்’ என்று பெரிதாக எழுதுங்கள்.

நீரை பி.பி.எம். கணக்கில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மினரல் ஆயிலில் 25 டிகிரியில் 50 பி.பி.எம். என்றால் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது, ஆபத்து. எஸ்டரில் 200 பி.பி.எம். என்றாலும் அது தாங்கும் 1,100இல் 18 சதவீதம்தான். எண்ணெயின் மின்தாங்குதிறனை விழவைப்பது இந்தச் சதவீதம். மாதிரி எடுத்தபோது எண்ணெய் வெப்பம் என்ன என்பதைக் குறிக்காவிட்டால் சதவீதத்தைக் கணக்கிட முடியாது. அதனால் தெர்மாமீட்டர் ரீடிங் இல்லாத மாதிரியை அனுப்பாதீர்கள்.

பி.டி.வி. சோதனையில், கப்பில் ஊற்றிய எண்ணெயிலிருந்து குமிழ்கள் மெதுவாகத்தான் வெளியேறும். மினரல் ஆயிலுக்கு விடுவதைவிடக் கூடுதல் நேரம் விடாமல் அடித்தால் குறைந்த ரீடிங் வந்து வீண் கவலை தரும்.

அமில எண் புது எண்ணெயிலேயே மினரல் ஆயிலைவிடக் கூடுதலாக இருக்கும் (தரநிலை வரம்பு 0.06), வருஷங்களில் ஏறவும் செய்யும். நீரோடு வினை புரிந்து வருபவை நீளமான கொழுப்பு அமிலங்கள். மினரல் ஆயில் கெடும்போது வரும் சிறிய அமிலங்களைப் போல இவை காகிதத்தையும் உலோகத்தையும் அரிப்பதில்லை. 90 டிகிரியில் டான் டெல்டாவும் (மின்காப்பில் வீணாகும் ஆற்றலின் அளவு) அப்படித்தான்: புது எஸ்டருக்கு 0.05 வரை ஏற்கலாம், மினரல் ஆயிலுக்கு 0.005.

நான் முதலில் பார்ப்பது பாகுத்தன்மையைத்தான். காற்று உள்ளே போகிறதா என்பதை அது நேராகச் சொல்லிவிடும். ஆரம்ப அளவைவிட 10 சதவீதம் ஏறினால் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. எங்கே காற்று புகுகிறது என்று தேடுங்கள். புஷிங் காஸ்கெட், பிரஷர் ரிலீஸ் வால்வு, ரப்பர் பையின் ஓட்டை, காலியாகிப்போன நைட்ரஜன் சிலிண்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். ஓட்டையை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அதே கதை திரும்பும். ஃபுல்லர்ஸ் எர்த் (அழுக்கை உறிஞ்சும் களிமண்) போட்டு மீட்டெடுக்கலாம் என்று யாராவது சொன்னால், தடுப்புப் பொருட்களும் அதோடு போகுமா என்று எண்ணெய்த் தயாரிப்பாளரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கரைந்த வாயுவில், எந்தப் பழுதும் இல்லாமலேயே ஈத்தேன் கொஞ்சம் காட்டும். லினோலெனிக் அமிலம் கொண்ட சோயா வகையில் இது இயல்பு. அதை வைத்துச் சூட்டுப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. வாயுக்கள் எஸ்டரில் கரையும் அளவு வேறு என்பதால் லேப் அதற்கான குணகத்தைப் பயன்படுத்த வேண்டும். வாயு அளவுகளிலிருந்து பழுதைக் கண்டறியும் டூவல் முக்கோணத்திலும் மினரல் ஆயிலுக்கான முதல் முக்கோணம் அல்ல, மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும். அசெட்டிலீன் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. அது ஏறினால் உள்ளே வில்பொறி அடிக்கிறது, எந்த எண்ணெயாக இருந்தாலும் சரி.

படி 7: சேமிப்பு, சிந்தல், பழைய எண்ணெய்

டிரம்களை நிழலில், மூடியில் மழைநீர் தேங்காதபடி படுக்க வையுங்கள். பாதி எடுத்த டிரம்மில் மேலே இருக்கும் இடத்தை நைட்ரஜனால் நிரப்பி மூடுங்கள். அப்படி மூடாமல் நாட்கணக்கில் கிடந்த எண்ணெயைச் சோதிக்காமல் டாப்-அப் செய்யாதீர்கள். துடைத்த பழந்துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது. காற்றோடு வினை புரியும்போது குவியலுக்குள் சூடு ஏறும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.

‘மக்கும் எண்ணெய்’ என்ற பெயரால் அலட்சியம் வந்துவிடக் கூடாது. இது எளிதில் மக்கும் என்று வகைப்படுத்துவது 28 நாள் ஆய்வகச் சோதனையை வைத்து. நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். சின்னக் குட்டையில் நிறைய எண்ணெய் போனால், அது மக்கும் முன்பே மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். எனவே எண்ணெய்க்குழியும் கசிவைத் தடுக்கும் கரையும் அப்படியே இருக்கட்டும். சிந்தினால் மரத்தூளோ உறிஞ்சு துணியோ போட்டு எடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி வடிகாலுக்குத் தள்ளாதீர்கள். டேங்க் மீதும் ரேடியேட்டர் மீதும் வழிந்ததை அன்றே துடைத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் வார்னிஷ் போல ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கசிவு வந்தாலும் புதிதா பழையதா என்று தெரியாது.

வடித்த மினரல் ஆயிலும் கழுவிய எண்ணெயும், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். லோடு ஏற்றும்போது எடை, தேதி, வண்டி எண் உள்ள ரசீதை வாங்கி, பி.சி.பி. சோதனை ரிப்போர்ட்டோடு சேர்த்து அந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.